இந்தத் தூள் இங்கே எப்படி வந்தது?

போன இதழில், ஏரிச் சேற்றில் புதைந்துகிடக்கும் மகரந்தத்தை எண்ணிப் பார்த்து, அந்தப் பக்கம் ஒரு காலத்தில் என்ன மரம் நின்றது என்று சொல்லிவிடுகிறார்கள் என ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் நம்பவில்லை, மீதிப் பேர் ரொம்பவே நம்பிவிட்டார்கள். இந்த முறை இரண்டு தரப்புக்கும் சேர்த்தே பதில்.

காலையில் வைத்த மல்லிகை சாயங்காலம் வாடிவிடுகிறது. பூவே ஒரு நாள் தாங்காதபோது அதிலிருக்கும் தூள் மட்டும் ஐயாயிரம் வருஷம் எப்படித் தாங்கும்? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பூ விற்கும் ஊரிலிருந்து வந்த கேள்வி, சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. மகரந்தத்தின் உள்ளே இருக்கும் உயிர்ச்சரக்கு சீக்கிரமே போய்விடும், அதில் சந்தேகமே இல்லை. தாங்குவது அதன் மேல் ஓடுதான். அந்த ஓடு ஸ்போரோபொலினின் என்ற பொருளால் ஆனது, செடிகொடிகள் செய்யும் பொருள்களிலேயே இதுபோல முரட்டுச் சரக்கு வேறு இல்லை. காற்றுப் படாத ஈரச் சேற்றில் விழுந்துவிட்டால், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் பெரிதாக இடம் கொடுக்காமல் அப்படியே கிடக்கும். அதிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வடிவம்: செம்பருத்திக்கு முள் முள்ளாக, பைன் மரத்துக்கு இரண்டு பக்கமும் காற்றுப் பை வைத்து, புல்லுக்கு வழவழவென்ற உருண்டையில் ஒரே ஒரு துளையோடு.

எவ்வளவு முரடு என்று தெரிய வேண்டுமானால் ஆய்வுக்கூடத்தில் அதை என்ன பாடு படுத்துகிறார்கள் என்று பாருங்கள். சேற்றை எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள், சுண்ணாம்பு கரைந்துவிடும். காரத்தில் காய்ச்சுவார்கள், மக்கிய குப்பையின் கறுப்பு இறங்கிவிடும். அப்புறம் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். அது மணலையே கரைக்கும், கண்ணாடியையும் தின்னும், அதனால் பிளாஸ்டிக் குழாயில்தான் வைக்க வேண்டும், தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். கடைசியில் அசிட்டிக் அன்ஹைட்ரைடும் கந்தக அமிலமும் கலந்து ஒரு காய்ச்சல். இத்தனைக்கும் பிறகு குழாயின் அடியில் ஒரு சிட்டிகை மிஞ்சும், அதுதான் மகரந்தம். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் முப்பது நாற்பது மணிகள் வரிசையாக நிற்கலாம்.

ஆரம்பத்திலேயே இன்னொரு வேலையும் செய்வார்கள். லைகோபோடியம் என்ற செடியின் வித்துத்தூள், எண்ணிக்கை தெரிந்த மாத்திரையாகக் கிடைக்கும், அதில் ஒன்றிரண்டைச் சேற்றோடு கலந்துவிடுவார்கள். ஒரு மூட்டை நெல்லில் நூறு குன்றிமணியைக் கலந்து, ஒரு படி அள்ளி, அதில் எத்தனை குன்றிமணி வந்தது என்று பார்த்தால் மூட்டையில் எவ்வளவு நெல் என்று கணக்குப் போடலாம் அல்லவா, அதே கணக்கு. அப்புறம் நுண்ணோக்கியில் குனிந்து முந்நூறு, நானூறு, ஐந்நூறு என்று ஒவ்வொன்றாக எண்ணுவது. கழுத்து வலிதான் இந்தத் துறையின் தொழில்நோய்.

நானும் மாணவனாக இருந்தபோது இந்த வேலையை ஒரு வருஷம் செய்தேன். ஒருநாள் மிகப் பழைய அடுக்கு என்று நினைத்திருந்த மண்ணில் சவுக்கு மரத்து மகரந்தம் வரிசையாகத் தென்பட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஊர்ப் பக்கம் சவுக்கு 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டும் என்று பரவலாக நட்ட மரம், அது எப்படி அந்தக் காலத்துக்குப் போகும்? என் ஆய்வு வழிகாட்டி முதலில் ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். வெளியே நாலு சவுக்கு மரம் பூத்து நின்றது. அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வியைத்தான் இந்தப் பகுதிக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

மகரந்தத்தை வைத்து வயதையும் சொல்லிவிடலாமா? – ஒரு வாசகர், கடலூர்

பொதுவாகச் சொல்வதில்லை. அதே அடுக்கில் கிடக்கும் விதை, சுள்ளி, கரித்துண்டு ஆகியவற்றுக்குக் கார்பன்-14 பார்த்துத்தான் வயது கட்டுவார்கள். மகரந்தத்தையே பிரித்தெடுத்து வயது பார்க்கும் முறையும் வந்திருக்கிறது, ஆனால் அதற்கு நிறைய வேலை. வயது தெரிந்த அடுக்குகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, எந்த மரம் எப்போது ஏறியது, எது எப்போது இறங்கியது என்று படம் போடுவதுதான் இதில் முக்கியம். இந்தப் படத்தை 1916இல் முதலில் போட்டுக் காட்டியவர் லென்னார்ட் வான் போஸ்ட் என்ற ஸ்வீடன் நாட்டுக்காரர். நூறு வருஷம் தாண்டியும் அந்தப் படத்தின் அமைப்பு பெரிதாக மாறவில்லை.

நியாண்டர்தால் மனிதர்கள் செத்தவர்களைப் பூப்போட்டுப் புதைத்தார்கள், மகரந்தமே சாட்சி என்று ஒரு காணொளி பார்த்துக் கண்கலங்கிவிட்டேன். உண்மையா ஐயா? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

கண்கலங்கியதில் தப்பே இல்லைம்மா, கதை அப்படி. ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டு முடிவு செய்.

இராக்கின் குர்திஸ்தான் மலையில் ஷானிதர் என்று ஒரு பெரிய குகை. ரால்ஃப் சொலெக்கி என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் 1951 முதல் 1960 வரை அங்கே தோண்டினார். 1960இல் கிடைத்த ஒரு நியாண்டர்தால் எலும்புக்கூட்டுக்கு, அதாவது நமக்கு நெருங்கிய, அழிந்துபோன ஆதிமனித இனத்தவர் ஒருவரின் எலும்புக்கூட்டுக்கு, ஷானிதர் 4 என்று பெயர். அதைச் சுற்றியிருந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து, பாரிஸில் இருந்த ஆர்லெட் லெருவா-கூரான் என்ற மகரந்த ஆய்வாளருக்கு அனுப்பினார். அவர் பார்த்தபோது மகரந்தம் தனித்தனி மணியாக இல்லாமல் கட்டி கட்டியாக இருந்தது. காற்றில் பறந்து வந்தால் கட்டியாக வராது, முழுப் பூவாகவே உள்ளே வந்திருக்க வேண்டும், எலும்புக்கூட்டின் பக்கத்தில் இருப்பதால் யாரோ கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும் என்று எழுதினார். சில பூக்கள் மருந்துச் செடிகளின் பூக்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. அது 1960கள், 70கள். அமெரிக்காவில் இளைஞர்கள் தலையில் பூ வைத்துக்கொண்டு போருக்கு எதிராகப் பாடிக்கொண்டிருந்த காலம், இந்தக் கதை எப்படிப் பற்றிக்கொண்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காற்றில் வரவில்லை என்பது வரைக்கும் அவர் வாதம் சரியாகத்தான் இருக்கிறது. காற்று இல்லை என்றால் மனிதன்தான் என்று தாண்டிய அந்த ஒரு அடியில்தான் சிக்கல். 1999இல் ஜெஃப்ரி சோமர் என்பவர், அந்தப் பக்கத்தில் பாரசீக ஜெர்ட் என்று ஓர் எலி இருக்கிறது, அது பூத்தலைகளை வெட்டி வளைக்குள் சேர்த்துவைக்கும், குகையில் அதன் வளைகளும் இருந்தன என்றார். அப்புறம் புதிய குழு ஒன்று அதே குகையில் மறுபடி வேலை செய்தது. 2023இல் கிறிஸ் ஹன்ட்டும் கூட்டாளிகளும் எழுதியது இன்னும் சுவாரசியம்: ஒரே கட்டிக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளின் மகரந்தம் கலந்திருக்கிறது, அந்தச் செடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் பூப்பவையும் அல்ல. ஒரு நாளில் பறித்த பூங்கொத்து இப்படி இருக்காதே. பல பூவில் உட்கார்ந்து, காலில் உருட்டி, மண்ணுக்குள் வளை தோண்டிச் சேர்த்துவைப்பது யார்? தேனீக்கள். நம் ஊர் மண்சுவரில் ஓட்டை போட்டுக் குடியிருக்குமே, அந்த மாதிரித் தனித்து வாழும் தேனீக்கள். அவற்றின் வளைகள் குகை மண்ணிலேயே இருக்கின்றன.

இதனால் நியாண்டர்தால்களுக்குப் பாசம் கிடையாது என்று ஆகிவிடாது. அதே ஷானிதரில் இன்னொருவர் பலத்த காயங்களோடு, ஒரு கை வழங்காமல், வெகுகாலம் உயிரோடு இருந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் பார்த்துக்கொள்ளாமல் அது நடந்திருக்காது என்றே பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், பூவைவிட அதுதான் கண்கலங்க வேண்டிய இடம்.

எலி வைத்ததா, ஈ வைத்ததா, காற்று கொண்டுவந்ததா என்று எதுவுமே உறுதியில்லை என்றால் இந்த ஆராய்ச்சிக்கு எதற்கு இத்தனை செலவு? – ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர், வேலூர்

கணக்கு அலுவலர் கேட்க வேண்டிய கேள்விதான் ஐயா. எப்படி வந்தது என்பது தெளிவாகத் தெரிகிற இடத்தில் இந்தத் தூள் எவ்வளவு நுணுக்கமாகப் பேசும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன், செலவுக்குத் தகுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்குள்ளிருந்து கிடைத்த ஓட்ஸி என்ற மனிதனைப் பற்றிப் படித்திருப்பீர்கள். சுமார் 5300 வருஷம் முந்தியவன். அவன் இலையுதிர் காலத்தில் செத்திருப்பான் என்றுதான் முதலில் நினைத்தார்கள். இன்ஸ்ப்ருக் பல்கலைக்கழகத்தின் கிளாவுஸ் ஓகல் அவன் குடலிலிருந்து எடுத்த துளிச் சரக்கைப் பார்த்தார். அதில் ஹாப் ஹார்ன்பீம் என்ற மரத்தின் மகரந்தம் நிறைய இருந்தது. அந்த மரம் பூப்பது வசந்தத்திலிருந்து கோடை தொடக்கம் வரைதான். மகரந்தத்தின் உள்ளே இருக்கும் சரக்குகூடக் கெடாமல் இருந்ததால், பூத்த உடனே தண்ணீரோடோ சாப்பாட்டோடோ உள்ளே போயிருக்க வேண்டும். இலையுதிர் காலக் கதை அத்தோடு முடிந்தது.

அதோடு விடவில்லை. குடலில் பின்னால் இருப்பது முன்னால் சாப்பிட்டது, இரைப்பைக்குக் கிட்டே இருப்பது கடைசியாகச் சாப்பிட்டது. ஒவ்வொரு இடத்திலும் எந்த மரத்தின் மகரந்தம் என்று பார்த்தால், முதலில் உயரத்தில் வளரும் ஊசியிலை மரங்கள், அப்புறம் பள்ளத்தாக்கில் மட்டும் வளரும் இந்த ஹாப் ஹார்ன்பீம், மறுபடியும் உயரத்து மரங்கள். அதாவது மலையில் இருந்தவன் கீழே இறங்கியிருக்கிறான், மறுபடி ஏறியிருக்கிறான், எல்லாம் கடைசி ஒன்றிரண்டு நாளைக்குள். மேலே வைத்து அவன் தோளில் அம்பு பாய்ந்து செத்தான். இறங்கியவன் எதற்காக அவ்வளவு அவசரமாக ஏறினான் என்பதை மகரந்தம் சொல்லாது. அது வேறு துறை.

இரண்டாவது, ஜெருசலேம் பக்கத்தில் ராமத் ரஹேல். அங்கே பாரசீகர் ஆட்சிக் காலத்தில் பெரிய அரண்மனைத் தோட்டம் இருந்தது. தோட்டத்து மண்ணில் மகரந்தம் சரியாகத் தங்கவில்லை, காய்ந்த மண். அப்போது டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் தாஃப்னா லாங்குட்டும் கூட்டாளிகளும் ஒரு வேலை செய்தார்கள். தோட்டத்தில் இருந்த குளத்தின் சுவரில் சுண்ணாம்புப் பூச்சு அடுக்கடுக்காக இருந்தது, அதைப் பெயர்த்தெடுத்தார்கள். கொத்தனார் பூசிய அன்று ஈரமாக இருந்த பூச்சில், அப்போது தோட்டத்தில் பூத்துக்கொண்டிருந்ததெல்லாம் வந்து ஒட்டி, காய்ந்தபின் உள்ளேயே மாட்டிக்கொண்டது. புது பெயின்ட்டில் கொசு ஒட்டிக்கொள்வது மாதிரிதான். அதில் லெபனான் தேவதாரு, வால்நட், அப்புறம் கடாரங்காய் இனத்தைச் சேர்ந்த சிட்ரன். அந்த வட்டாரத்து மரங்களே அல்ல இவை, தூர தேசத்திலிருந்து கொண்டுவந்து தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. சிட்ரனின் பூர்வீகம் நம் இந்தியாவின் வடகிழக்குப் பக்கம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிற்காலத்தில் யூதர்களின் கூடாரப் பண்டிகைக்கு இன்றியமையாததாக ஆன பழம், அந்தப் பகுதியில் இருந்ததற்கு மிகப் பழைய தடயம் ஒரு கொத்தனாரின் கரண்டியால் காப்பாற்றப்பட்டிருக்கிறது.

மனிதன் காட்டை வெட்டியது மகரந்தத்தில் தெரியுமா? – ஒரு வாசகர், சத்தியமங்கலம்

நன்றாகத் தெரியும். டென்மார்க்கில் யோஹான்னஸ் ஐவர்சன் 1941இல் காட்டியது இதைத்தான். கற்காலத்து அடுக்கில் திடீரென்று மர மகரந்தம் சரிகிறது, புல் ஏறுகிறது, கூடவே வாழைத்தழைப் பூண்டு என்று ஒரு களைச்செடி. அது மாடு மிதித்த, மேய்ந்த தரையில் வளர்வது. கொஞ்ச காலம் கழித்துக் காடு மெல்லத் திரும்புகிறது. வெட்டினார்கள், பயிரிட்டார்கள், மேய்த்தார்கள், விட்டுவிட்டு நகர்ந்தார்கள் என்று படித்தார் ஐவர்சன். கற்கோடரியால் அவ்வளவு மரம் வெட்ட முடியுமா என்று கேட்டவர்களுக்கு வாயால் பதில் சொல்லவில்லை. 1950களில் அருங்காட்சியகத்திலிருந்து நிஜமான கற்காலக் கோடரிகளை வாங்கி, பிடி போட்டு, ட்ராவெட் என்ற காட்டில் வெட்டிப் பார்த்தார்கள். இரும்புக் கோடரியைப் போலத் தோளிலிருந்து ஓங்கிப் போட்டால் கல் உடைந்தது. முழங்கை மட்டும் அசைய, சின்னச் சின்னதாக, வேகமாகக் கொத்தினால் மரம் விழுந்தது. வெட்டியதை எரித்துச் சாம்பலில் தானியம் விதைத்தார்கள், அங்கே செழித்தது, எரிக்காத இடத்தில் சோனியாகக் கிடந்தது. எனக்குப் பிடித்த ஆராய்ச்சி இது.

மழை பொய்த்ததால்தான் சிந்துவெளி நகரங்கள் அழிந்தன என்று மகரந்தம் நிரூபித்துவிட்டதாமே? – ஒரு வாசகர், சேலம்

“நிரூபித்துவிட்டது” என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். 1970களின் தொடக்கத்தில் குர்தீப் சிங் என்ற அறிஞர் ராஜஸ்தானின் சாம்பர், டிட்வானா, லூன்கரன்சர் உப்பு ஏரிகளில் துளை போட்டு மண் எடுத்து மகரந்தம் எண்ணினார். ஒரு காலத்தில் அங்கே இப்போதைவிட நல்ல மழை, அது ஹரப்பா காலத்தோடு ஒத்துப்போகிறது, பின்னால் வந்த வறட்சி நகரங்களின் சரிவோடு ஒத்துப்போகிறது என்றார். பெரிய வேலை, இன்றைக்கும் மரியாதையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் 1999இல் லூன்கரன்சரில் மறுபடி தோண்டி, நல்ல வயதுக் கணக்கோடு பார்த்தபோது, ஏரி வற்றியது நகரங்கள் உச்சத்துக்கு வருவதற்கு முன்பே என்று தெரிந்தது. அதாவது வறட்சி வந்த பிறகுதான் மொஹஞ்சதாரோவே! அப்புறம் 2014இல் ஹரியானாவின் கோட்லா தஹார் என்ற பழைய ஏரியில் கிடைத்த நத்தை ஓடுகளை ஆராய்ந்து, சுமார் 4100 வருஷத்துக்கு முன் பருவமழை திடீரென்று பலவீனப்பட்டது என்றார்கள், அது நகரங்கள் சரியத் தொடங்கிய காலத்தோடு மறுபடி பொருந்துகிறது. வழக்கு இப்படி மேல்முறையீட்டிலேயே இருக்கிறது. ஒரு ஏரி ஒரு வட்டாரத்துக்குத்தான் சாட்சி, தேசத்துக்கே அல்ல என்பது என் கருத்து.

நம் ஊர் அகழாய்வுகளில் பானை, மணி, எழுத்து என்கிறார்கள், மகரந்தம் என்று பேச்சே பெரிதாக வருவதில்லையே? – ஆசிரியர், மானாமதுரை

நம் மண்ணும் வெயிலும்தான் முதல் காரணம் ஐயா. மகரந்தத்துக்கு அமிலம் பகையில்லை என்றேன், நனைந்து காய்ந்து நனைந்து காய்வதுதான் பகை. உங்கள் பக்கத்துக் கண்மாயை நினைத்துப் பாருங்கள், ஐப்பசியில் நிரம்பி, சித்திரையில் வெடித்துக் கிடக்கும். வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே போகும், ஓடு அரித்துவிடும். போதாததற்கு வண்டல் நல்ல உரம் என்று காலங்காலமாக அள்ளி வயலில் போட்டுவந்திருக்கிறோம். விவசாயத்துக்கு அது நல்லது, அடுக்குகளுக்கு அதுதான் முடிவு. குடியிருப்பு மேடோ இன்னும் காய்ந்த இடம்.

இரண்டாவது, நமக்கு வேண்டிய கேள்வி நெல். புல் குடும்பத்து மகரந்தம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சு, தானியத்தினுடையது கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நெல்லையும் காட்டுப் புல்லையும் அதை வைத்துப் பிரிப்பது படு சிரமம். அதற்கு வேறு சாட்சி இருக்கிறது. நெல் தாள் காலைக் கீறுமே, காரணம் அதில் இருக்கும் சிலிக்கா. செடி மக்கினாலும் எரிந்தாலும் அந்தச் சிலிக்காத் துகள் தன் வடிவத்தோடு மண்ணில் தங்கும், ஃபைட்டோலித் என்பார்கள். நெல்லின் இலைத்துகள் விசிறி வடிவில் இருக்கும், உமியின் துகளுக்கு இரட்டைக் கூம்பு. கருகிய நெல்மணி கிடைத்தால் இன்னும் நேரடி. பழநிப் பக்கம் பொருந்தலில் கிடைத்தது பானைக்குள் இருந்த நெல், அதற்கு மகரந்தம் எதற்கு?

ஆனால் நம்மிடம் மகரந்தம் தங்கிய இடமே இல்லை என்று எண்ண வேண்டாம். நீலகிரியில் சதுப்புக் குழிகள் இருக்கின்றன, குளிர்ச்சி, எப்போதும் ஈரம். புல்வெளியெல்லாம் மனிதன் சோலையை வெட்டியும் தீவைத்தும் மாடு மேய்த்தும் உண்டாக்கியது என்று ஒரு கட்சி ரொம்ப நாள் வாதாடியது. அந்தக் குழிகளின் மகரந்தமும், அவற்றின் மண்ணில் இருக்கும் கார்பன் வகைகளை அளந்து 1993இல் வெளியான ஐசோடோப் ஆய்வும், சுமார் இருபதாயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே புல்வெளி இருந்தது என்று காட்டிவிட்டன. ‘வெறும் தரிசு’ என்று சொல்லி அந்தப் புல்லின் மேல் யூகலிப்டஸும் வாட்டிலும் நட்டவர்கள் இதைக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துகொண்டிருக்கலாம்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பல ஆயிரம் கண்ணாடித் தகடுகளில் நம் தென்னிந்தியச் செடிகளின் மகரந்தம் வரிசையாக வைக்கப்பட்டிருக்கிறது. சேற்றில் கிடைத்தது எது என்று ஒப்பிட்டுப் பார்க்க இது இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. அந்த ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் ஜி. தணிகைமணி, உலகம் முழுக்க இந்தத் துறையில் மதிக்கப்பட்ட தமிழர். 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த விமானத்தைப் பற்றிப் படம் வரை வந்துவிட்டது, இவரைப் பற்றி நம் பத்திரிகைகளில் நாலு வரி தேடினாலும் கிடைப்பது அபூர்வம்.

என் மகன் எட்டாம் வகுப்பு. போன இதழைப் படித்துவிட்டு மகரந்தம் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். என்ன செய்வது? – ஒரு அம்மா, பட்டுக்கோட்டை

அமிலம் எதுவும் வேண்டாம். காலையில் பூத்த செம்பருத்தியில் நடுத்தண்டைச் சுற்றி மஞ்சளாக ஒட்டியிருக்கும் பொடியைக் கண்ணாடித் தகட்டில் லேசாகத் தட்டச் சொல்லுங்கள், ஒரு சொட்டுத் தண்ணீர், பள்ளிக்கூட நுண்ணோக்கி போதும். மகரந்தத்தில் இது பெரிய ஜாதி, முள் எல்லாம் தெளிவாகத் தெரியும். பூசணிப்பூ இன்னும் பெரிது. அடுத்த நாள், வேறு தகட்டில் கொஞ்சம் வாஸ்லினைத் தடவி மொட்டை மாடியில் ஒரு பகல் வைத்துவிட்டு எடுத்துப் பார்க்கட்டும். மாடியில் செம்பருத்தி இருந்தாலும் அதன் மகரந்தம் அநேகமாக ஒன்றுகூட இருக்காது, புல்லும் எங்கோ நிற்கும் மரமும்தான் ஒட்டியிருக்கும். ஏன் என்று அவனே யோசித்து எழுதி அனுப்பட்டும், அடுத்த இதழில் போடுகிறேன்.